வலைத்தளம் என்பது ஒரு கோப்புறை

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வந்து இறங்கும் மீன்களின் பெயர்களைத் தொகுக்க ஒருவர் ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது மீன்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஊரில் வழங்கும் பெயர், எப்போது அதிகம் கிடைக்கும் என்று நாலு வரி. வஞ்சிரத்தைத் தெற்கே நெய்மீன் என்பார்கள் என்பது போன்ற குறிப்புகளும் உண்டு. இதைச் சமூக ஊடகத்தில் போட்டால் ஒரே வாரத்தில் அடியில் போய்விடும். அடுத்த ஆண்டு தேடும்போது போட்டவருக்கே கிடைக்காது. இந்த மாதிரி விஷயத்துக்கு ஏற்ற இடம் சொந்த வலைத்தளம். அதை வீட்டிலேயே, கட்டற்ற மென்பொருளைக் கொண்டு, செலவில்லாமல் கட்டலாம்.

முதலில் வலைத்தளம் என்றால் என்ன என்பது விளங்க வேண்டும். அது உங்கள் கணினியில் இருக்கும் ஒரு கோப்புறை. அதற்குள் சில எழுத்துக் கோப்புகள், சில படங்கள். யாராவது உங்கள் தளத்தின் முகவரியைத் தட்டும்போது, அவருடைய உலாவி இணையத்தில் எப்போதும் விழித்திருக்கும் ஒரு கணினியிடம் ‘இந்தக் கோப்பைக் கொடு’ என்று கேட்கிறது. அந்தக் கணினி எடுத்துக் கொடுக்கிறது. கேட்டதை எடுத்துக் கொடுப்பதுதான் சர்வரின் வேலை. வந்த கோப்பைப் படித்து, இது தலைப்பு, இது பத்தி, இங்கே படம் என்று திரையில் அடுக்குவது உலாவியின் வேலை. டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் இருந்தபோது உருவாக்கியது இந்த ஏற்பாட்டைத்தான். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டது. இணையம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது, ஆனால் கோப்பைக் கேட்பதும் கொடுப்பதும் இன்றும் அப்படியேதான் நடக்கின்றன.

இப்படி, எழுதி வைத்த கோப்பு அப்படியே போய்ச் சேரும் தளத்தை நிலையான தளம் என்கிறோம். வேர்ட்பிரஸ் போன்றவை வேறு வகை. அங்கே பக்கம் கோப்பாக இருப்பதில்லை. யாராவது கேட்கும்போதுதான் பிஎச்பி நிரல் ஓடி, தரவுத்தளத்திலிருந்து எடுத்து, பக்கத்தைத் தயாரித்துக் கொடுக்கிறது. வேர்ட்பிரஸும் கட்டற்ற மென்பொருள்தான், நல்ல மென்பொருளும்கூட. ஆனால் அதற்குத் தரவுத்தளம் வேண்டும், செருகுநிரல்களை மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்காமல் விட்டால் யாரோ உள்ளே புகுந்து சூதாட்ட விளம்பரங்களை ஒட்டிவிட்டுப் போவார்கள். நாற்பது மீன்களுக்கு அது தேவையே இல்லை. நிலையான தளத்தில் ஓடும் நிரல் எதுவும் இல்லாததால், புகுந்து கெடுப்பதற்கான வழியும் மிகக் குறைவு. முதன்முதலாகத் தளம் கட்டுபவருக்கு எங்கள் பரிந்துரை நிலையான தளம்தான்.

கருவிகள்

கட்டற்ற மென்பொருள் என்பது இலவச மென்பொருள் என்பதோடு நின்றுவிடுவதில்லை. எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து மாற்றலாம், பிறருக்குப் படி எடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமைகளும் இருந்தால்தான் அது கட்டற்றது. நம் வேலைக்கு வேண்டியவை: ஓர் உரை எழுதும் கருவி, ஓர் உலாவி, படம் திருத்த ஒன்று. ஜீனி அல்லது கேட், ஃபயர்ஃபாக்ஸ், கிம்ப். மூன்றும் லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும்.

புதுக் கணினி வாங்க வேண்டாம். பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினி பல வீடுகளில் பீரோ மேல் கிடக்கிறது. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த பல கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. இன்று அந்தப் பழைய பதிப்புகளோடு இணையத்துக்குப் போவது நல்லதல்ல. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் வகையை ஏற்றி, நிறுவும்போது மேசைச் சூழலாக (டெஸ்க்டாப்) எல்எக்ஸ்க்யூட்டி அல்லது எக்ஸ்எஃப்சிஇ-யைத் தேர்ந்தெடுங்கள். 2 ஜிபி நினைவகத்திலும் உரை எழுதவும் உலாவியில் ஓரிரு தாவல்கள் திறக்கவும் முடியும். ஒரே நேரத்தில் கிம்பையும் ஃபயர்ஃபாக்ஸையும் திறந்தால் திணறும், ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறங்கள். பேட்டரி செத்திருந்தால் மின்செருகியிலேயே ஓட்டலாம், ஆனால் எழுதும்போது அடிக்கடி சேமியுங்கள். நிறுவுவதில் தயக்கம் இருந்தால் புதுச்சேரியில் எஃப்எஸ்எச்எம் என்று அழைக்கப்படும் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும், விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவும் இருக்கின்றன. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை அவர்கள் வேலையாகவே வைத்திருக்கிறார்கள்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். லிப்ரேஆஃபீஸ் ரைட்டரிலோ வேர்டிலோ பக்கத்தை எழுதாதீர்கள். அவை எழுத்தோடு சேர்த்துக் கண்ணுக்குத் தெரியாத வடிவமைப்பையும் சேமிக்கும். நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாகத் தாமாகவே மாற்றும். குறிச்சொற்களுக்குள் வளைந்த மேற்கோள் விழுந்தால் இணைப்பும் படமும் வேலை செய்யாது. கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும் என்பதால் பிழையைப் பிடிக்கவும் நேரமாகும்.

முதல் பக்கம்

ஒரு கோப்புறை உருவாக்குங்கள். அதற்குள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் ‘இன்டெக்ஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்பு, பின்னொட்டு புள்ளி எச்டிஎம்எல். பெயர் கட்டாயம் இதுவாக இருக்க வேண்டும். தளத்தின் முகவரியை மட்டும் யாராவது தட்டினால், கோப்பின் பெயரே சொல்லாத அந்தக் கேள்விக்கு சர்வர் எடுத்துக் கொடுப்பது இந்தக் கோப்பைத்தான். பெயர் வேறாக இருந்தால் தளம் ஏறிய பிறகு ‘404’ என்று வரும். பக்கத்திலேயே ‘படங்கள்’ என்ற பொருள் வருமாறு ஆங்கில எழுத்தில் ஓர் உள் கோப்புறை, ‘ஸ்டைல்’ என்று பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஒரு சிஎஸ்எஸ் கோப்பு.

எச்டிஎம்எல் என்பது சாதாரண எழுத்துதான். எது எது என்ன என்பதைக் கூர் அடைப்புக்குறிக்குள் வரும் குறிச்சொற்கள் சொல்கின்றன. தலைப்புக்கு எச்1, பத்திக்கு பி, இணைப்புக்கு ஏ, படத்துக்கு ஐஎம்ஜி. ஒரு குறியைத் திறந்தால், பெயருக்கு முன் சாய்கோடு போட்டு மூட வேண்டும், ஐஎம்ஜி போன்ற சிலவற்றைத் தவிர. எந்தத் தளத்திலும் கண்ட்ரோலையும் யு-வையும் சேர்த்து அழுத்தினால் அதன் குறிகள் தெரியும். பழைய, எளிய தளங்கள் இரண்டு மூன்றை இப்படித் திறந்து பார்ப்பது எந்தப் பாடத்தையும்விட வேகமாகப் புரியவைக்கும்.

கோப்பின் தலைப்பகுதியில் ஐந்து விஷயங்கள் இருக்க வேண்டும். முதல் வரியில் டாக்டைப் அறிவிப்பு. அது இல்லாவிட்டால் உலாவி பழைய காலத்து விதிகளுக்குப் போய், அகலங்களையும் இடைவெளிகளையும் வேறு மாதிரி கணக்கிடும். அடுத்து எச்டிஎம்எல் குறியில் மொழி ‘டி-ஏ’ என்ற குறிப்பு, அது தமிழைக் குறிக்கும் இரண்டெழுத்து. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் இதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறுகிறது. மூன்றாவது எழுத்துக் குறியாக்கம், அதாவது கேரக்டர்செட், யுடிஎஃப்-8. இது கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் வந்துவிட வேண்டும், ஆகவே ஹெட் குறிக்குள் எல்லாவற்றுக்கும் மேலே போட்டுவிடுங்கள். நான்காவது வியூபோர்ட். அது இல்லையென்றால் கைப்பேசி உங்கள் பக்கத்தை ஏறக்குறைய 980 பிக்சல் அகலக் கணினித் திரை என்று எண்ணிச் சுருக்கிக் காட்டும், எழுத்து எறும்பளவு தெரியும். ஐந்தாவது டைட்டில், தேடுபொறியும் உலாவித் தாவலும் காட்டும் பெயர்.

அழகு பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சிஎஸ்எஸ் கோப்பில் பத்து வரி போதும். எழுத்தளவு 18 பிக்சல், பத்தியின் அதிகபட்ச அகலம் 40 ரெம் (எழுத்தளவை வைத்துக் கணக்கிடும் அலகு), இரு பக்கமும் தானியங்கி ஓரம், படங்களின் அதிகபட்ச அகலம் 100 விழுக்காடு. தமிழுக்கென்று மூன்றை மட்டும் கவனியுங்கள். வரி உயரத்தை 1.7 அளவில் வையுங்கள். மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரக் கொக்கியும் உள்ள எழுத்துகளுக்கு ஆங்கிலத்துக்கு வைக்கும் இடைவெளி போதாது. இரு ஓரமும் நேராக்கும் ஜஸ்டிஃபை வேண்டாம். நம் சொற்கள் நீளம், கைப்பேசியின் குறுகிய திரையில் வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும், நடுவில் பெரிய பெரிய ஓட்டைகள் விழும். நீளமான சொல் திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டால் பக்கம் பக்கவாட்டில் ஆடும், அதற்கு ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ பண்புக்கு ‘பிரேக்-வேர்டு’ மதிப்பு கொடுங்கள். எழுத்துருவைத் தனியே ஏற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. ஆண்ட்ராய்டிலும் விண்டோஸிலும் தமிழ் எழுத்துரு கூடவே வருகிறது. எல்லாக் கருவியிலும் ஒரே தோற்றம் வேண்டும் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது, அதைக் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்து எங்கே உடைகிறது

எங்கள் ஊர்ப் பக்கம் தளம் கட்டுபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கோயில் மலர், சங்கத்து அறிக்கை, தாத்தா எழுதிய குறிப்பு என்று ஏற்கெனவே தட்டச்சான ஒன்றைத்தான் பலர் முதலில் ஏற்ற நினைப்பார்கள். அது கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி நெல்லித்தோப்பிலோ ஒரு டி.டி.பி. கடையில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். அப்படிப்பட்ட எழுத்துரு, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருக்கும். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். அந்த எழுத்துரு உள்ள கணினியில் தமிழாகத் தெரியும், மற்ற எல்லா இடத்திலும் பொருளற்ற ஆங்கிலக் குவியலாகத் தெரியும். தேடுபொறிக்கும் அது தமிழ் இல்லை. இதை, ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். ஓபன்-தமிழ் என்ற கட்டற்ற பைத்தான் நூலகத்தில் இதற்கான மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள். ஒகர ஓகாரக் கொம்புகள், இடையில் வந்த ஆங்கிலச் சொற்கள், எண்கள் ஆகியவற்றில் பிழை தங்கும்.

இரண்டாவது சிக்கல் குறியாக்கம். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ‘மீன்’ என்பது ம, ஈகாரக் குறி, ன, புள்ளி என நான்கு குறிகள், ஆக 12 பைட். கேரக்டர்செட் வரி இல்லாமல் போனால் உலாவி ஒவ்வொரு பைட்டையும் ஓர் ஐரோப்பிய எழுத்தாகப் படிக்க வாய்ப்புண்டு. அப்போது தலையில் கோடு போட்ட எழுத்துகளும் பதிவுச் சின்னமும் மாறி மாறி வரும். அதைப் பார்த்ததும் எழுத்துரு இல்லை என்று எண்ணி எழுத்துருவைத் தேடாதீர்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்தால்தான் எழுத்துருக் குறை. கோடு போட்ட எழுத்து வந்தால் குறியாக்கக் குறை.

யுடிஎஃப்-8 இருந்தால் ஒரே பக்கத்தில் எல்லா மொழியும் தங்கும். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பெயர் கொண்ட தெருக்களைப் பற்றி எழுதுபவருக்கு இது பெரிய வசதி. பிரெஞ்சின் தலைக்குறி எழுத்துகளும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், எழுத்துரு மாற்றம் எதுவும் வேண்டாம். பிரெஞ்சுப் பகுதிக்கு மட்டும் மொழிக் குறிப்பு ‘எஃப்-ஆர்’ என்று போடுங்கள், திரைவாசிப்பான் அந்த இடத்தில் சரியாக உச்சரிக்கும்.

மூன்றாவது, கோப்புப் பெயர். உள்ளே எவ்வளவு தமிழ் வேண்டுமானாலும் எழுதுங்கள், கோப்பின் பெயரை மட்டும் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், இணைப்புக்கோடு இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயர் வேலை செய்யாமல் இல்லை, செய்யும். ஆனால் அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ‘மீன்’ என்ற ஒரு சொல் 36 எழுத்தாகும். பார்ப்பவர் வைரஸ் இணைப்பு என்று பயந்து தொடாமல் விடுவார். இடைவெளியும் வேண்டாம், அதுவும் இப்படியே உடையும்.

பேரெழுத்து, சிற்றெழுத்து விஷயம் இதைவிட முக்கியம். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். தளத்தை வைத்திருக்கும் சர்வர் பெரும்பாலும் லினக்ஸ், அதற்கு இரண்டும் வேறு வேறு பெயர். கேமரா படங்களின் பின்னொட்டைப் பேரெழுத்து ஜேபிஜி என்று கொடுக்கும், நீங்கள் குறியில் சிற்றெழுத்தில் எழுதியிருப்பீர்கள். வீட்டில் எல்லாப் படமும் தெரியும், ஏற்றிய பிறகு ஒன்றும் தெரியாது. ‘வீட்டில் சரியாக இருந்ததே’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அடுத்த காரணம், படத்தின் முகவரி உங்கள் கணினியின் ‘சி’ டிரைவில் தொடங்கும் முழு வழியாக எழுதப்பட்டிருப்பது. கோப்புறைக்குள்ளிருந்து எப்படிப் போவது என்ற சார்பு வழியை மட்டும் எழுதுங்கள்.

படங்கள்

கைப்பேசியில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் 4000-க்கு 3000 பிக்சல், கோப்பு 3 முதல் 5 எம்பி. நாற்பது மீன் என்றால் 160 எம்பி. ஆயிரம் சொல் உள்ள தமிழ்ப் பக்கமோ 30 கேபி அளவில் நின்றுவிடும். தளத்தின் எடை முழுக்கப் படத்தில்தான். கைப்பேசித் திரைக்கும் கணினித் திரைக்கும் 1200 பிக்சல் அகலம் போதும். கிம்பில் படத்தைத் திறந்து, அளவு மாற்றும் கட்டளையில் அகலம் 1200 கொடுத்து, ஏற்றுமதியில் ஜேபெக் தரத்தை 80-இல் வைத்தால் பெரும்பாலும் 150 முதல் 300 கேபிக்குள் வரும். செதிலும் பளபளப்பும் உள்ள படம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், பரவாயில்லை.

அதே ஏற்றுமதிப் பெட்டியில் எக்ஸிஃப் தரவைச் சேமிக்கும் தேர்வை எடுத்துவிடுங்கள். கைப்பேசியில் இருப்பிடம் இயங்கிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கும். சமையலறையில் எடுத்த மீன் படத்தோடு உங்கள் வீட்டு முகவரியையும் சேர்த்து ஊருக்குச் சொன்னதாகிவிடும்.

நாற்பதையும் ஒன்றொன்றாகச் செய்யப் பொறுமை இல்லையென்றால் இமேஜ்மேஜிக் என்ற கட்டற்ற மென்பொருளில் மாக்ரிஃபை என்ற கட்டளை எல்லாப் படத்தையும் ஒரே வரியில் சுருக்கி, எக்ஸிஃபையும் நீக்கும். ஆனால் அது மூலப்படத்தின் மேலேயே எழுதிவிடும். படி எடுத்து வைத்த கோப்புறையில் மட்டும் ஓட்டுங்கள்.

ஐஎம்ஜி குறியில் அகலம், உயரம் இரண்டையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் படம் வந்து சேரும்போது எழுத்து கீழே துள்ளும், படிப்பவர் வரியைத் தொலைப்பார். ‘லோடிங்’ பண்பை ‘லேசி’ என்று வைத்தால், கீழே இருக்கும் படங்கள் அங்கே போகும்போதுதான் இறங்கும். ‘ஆல்ட்’ பண்பில் படத்தில் என்ன இருக்கிறது என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். வெறுமனே ‘மீன்’ என்று எழுதாமல், ‘தராசுத் தட்டில் வைத்த முழு வஞ்சிரம், முதுகில் நீலச் சாயல்’ என்பதுபோல.

வீட்டிலேயே ஓட்டிப் பார்ப்பது

கோப்பை இருமுறை சொடுக்கினால் உலாவியில் திறக்கும். அது போதாது. சாய்கோட்டில் தொடங்கும் இணைப்புகள் அப்போது உங்கள் வட்டின் வேருக்குப் போகும், தளத்தின் வேருக்கு அல்ல. கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து உங்கள் கோப்புறைக்குள் போய், பைத்தான்3, இடைவெளி, கழித்தல் குறியோடு எம், இடைவெளி, எச்டிடிபி புள்ளி சர்வர், இடைவெளி, 8000 என்று ஒரே வரியில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டினால் உங்கள் கணினியே சர்வர் ஆகிவிடும். உலாவியில் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 8000. டெபியனில் பைத்தான் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும்.

அதே வைஃபையில் உள்ள கைப்பேசியிலும் பார்க்கலாம். கணினியின் உள் முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும், அதோடு முக்காற்புள்ளி 8000 சேர்த்துக் கைப்பேசியில் தட்டுங்கள். திறக்கவில்லையென்றால் கணினியின் ஃபயர்வால் தடுக்கிறது, அல்லது கைப்பேசி மொபைல் டேட்டாவில் இருக்கிறது. வீட்டில் இருக்கும் மிக மலிவான கைப்பேசியில் பாருங்கள். தளத்தைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் கையில் இருப்பது அதுதான்.

தளத்தை வீட்டிலேயே வைத்து நடத்தலாமா

இவ்வளவு தூரம் வந்தவருக்கு அடுத்து எழும் ஆசை, அந்தக் கணினியையே உலகத்துக்குத் திறந்துவிட்டால் என்ன என்பது. முடியும். ஃப்ரீடம்பாக்ஸ், யுனோஹோஸ்ட் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் அதற்காகவே இருக்கின்றன. ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகை 5 வாட்டுக்குப் பக்கத்தில்தான் மின்சாரம் இழுக்கும். ஆனால் தொடக்கத்திலேயே அதைச் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வோம்.

முதல் தடை முகவரி. பல பிராட்பேண்ட் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி தருகின்றன. உங்கள் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் முகவரியை, அதாவது வெளி இணையத்தை நோக்கிய முகவரியைப் பாருங்கள். அது 100.64-இலிருந்து 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், வெளியிலிருந்து யாரும் ஐபிவி4 என்ற பழைய முறை முகவரியில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. ரவுட்டரில் எத்தனை போர்ட் (இணைப்பு வாசல்) திறந்தாலும் பயனில்லை. நிலையான பொது முகவரிக்குத் தனிக்கட்டணம் கேட்பார்கள். ஐபிவி6 என்ற புதிய முறை முகவரி வழி இருக்கலாம், ஆனால் பார்ப்பவரின் இணைப்பிலும் ஐபிவி6 இருக்க வேண்டும்.

இரண்டாவது தடை நம் கடற்கரை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புயல் இல்லாத நாளிலும் மின்தடை உண்டு. ராஸ்பெரி பையின் எஸ்டி அட்டை, எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கெட்டுப்போகக் கூடியது. தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய இடத்தில் உப்புக்காற்று மின்முனைகளைப் பச்சை பூக்க வைக்கும். மூன்றாவதாக, வீட்டு வலையின் ஒரு கதவை உலகுக்குத் திறந்தால் அதே நாளில் தானியங்கி நிரல்கள் வந்து தட்டிப் பார்க்கத் தொடங்கும். அதைக் காக்கும் அளவுக்குப் பழகிய பிறகு செய்யுங்கள், அது அருமையான பாடம். கோப்புறையின் மூலப்படி வீட்டில் இருக்கட்டும், அதன் நகல் வெளியே இருக்கட்டும்.

வெளியே எங்கே என்றால், மூன்று இடங்களைச் சொல்லலாம். மிக எளிது நியோசிட்டீஸ். உலாவியிலேயே கோப்புகளை இழுத்து விட்டால் ஏறிவிடும், இலவசக் கணக்கில் 1 ஜிபி இடம். ஆனால் சொந்தப் பெயரை, அதாவது உங்களுக்கென்று வாங்கிய முகவரியை அங்கே இணைக்கப் பணம் கட்ட வேண்டும், ஒலி, காணொளிக் கோப்புகளை இலவசக் கணக்கு ஏற்காது. இரண்டாவது கிட்ஹப் பேஜஸ். தளம் 1 ஜிபி வரை, மாதம் 100 ஜிபி போக்குவரத்து வரை அனுமதி, சொந்தப் பெயரை இணைக்கக் கட்டணம் இல்லை. ஏற்றிய மாற்றம் தெரியப் பத்து நிமிடம்வரை ஆகலாம். அடிக்கோட்டில் பெயர் தொடங்கும் கோப்புறையை அது விட்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கிட்ஹப் கட்டற்ற மென்பொருள் இல்லை. அது உறுத்தினால் மூன்றாவது, கோட்பெர்க். பெர்லினைச் சேர்ந்த, இலாப நோக்கற்ற ஒரு சங்கம் கட்டற்ற மென்பொருளில் நடத்துவது. அங்கே வைக்கும் படைப்புக்கும் கட்டற்ற உரிமம் எதிர்பார்க்கிறார்கள், படங்களுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றைத் தேர்ந்து தளத்தின் அடியில் ஒரு வரி எழுதிவிடுங்கள். மூன்று இடத்திலும் எச்டிடிபிஎஸ் பூட்டு கட்டணமின்றிக் கிடைக்கும்.

இழுத்து விட்டு அழகழகாகத் தளம் கட்டித் தரும் சேவைகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முழுத் தளத்தையும் கோப்புறையாக இறக்கிக்கொள்ள முடியுமா? முடியாது என்றால் அங்கே போக வேண்டாம். 2009 அக்டோபரில், இலவசத் தளங்களுக்கு இடம் கொடுத்துவந்த ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது, சொந்தப் படி வைத்திருந்தவர்கள் வேறு இடத்தில் ஏற்றிக்கொண்டார்கள். மற்றவர்களின் பக்கங்களில் எவை மிஞ்சின என்பது காப்பக ஆர்வலர்கள் கைக்கு எட்டியதைப் பொறுத்ததாகிவிட்டது.

பெயரும் இடமாற்றமும்

சொந்தப் பெயர் வாங்குவது கட்டாயமில்லை, நாங்கள் பரிந்துரைக்கும் வழியில் பணம் கேட்கும் ஒரே விஷயமும் அதுதான். வாங்கினால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். முதல் ஆண்டு விலையைப் பார்க்காமல் இரண்டாம் ஆண்டு விலையைப் பாருங்கள், சில இடங்களில் அது பல மடங்கு. ‘.இந்தியா’ என்று தமிழிலேயே முடியும் முகவரியும் உண்டு. கண்ணுக்கு அழகு. ஆனால் சில செயலிகள் அதை இணைப்பாக அறியாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும், ஆகவே கூடவே ஆங்கில எழுத்தில் ஒன்றும் வைத்திருப்பது நல்லது. பெயரை உங்கள் சொந்த மின்னஞ்சலில் பதியுங்கள். தெரிந்த பையன் ஒருவர் தன் கணக்கில் வாங்கிக் கொடுத்து, அவர் வேலைக்காக வெளிநாடு போய், புதுப்பிக்க ஆளில்லாமல் பெயரை இழந்த கடைகள் பல.

ஏற்றிய பிறகு திருத்தம் தெரியவில்லை என்றால் பதறாமல் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். உலாவி பழைய படியைச் சேமித்து வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும். பக்கங்கள் இருபதைத் தாண்டி, மெனுவில் ஒரு வரி மாற்ற இருபது கோப்பையும் திறக்க வேண்டியதானால், அப்போது ஹியூகோ போன்ற நிலையான தள உருவாக்கியைக் கற்றுக்கொள்ளலாம். மெனுவை ஓரிடத்தில் எழுதினால் அது எல்லாப் பக்கத்திலும் பதித்து, அதே மாதிரி ஒரு கோப்புறையைத்தான் தரும். மீன் தளம் சீக்கிரமே அங்கே போய் நிற்கும். தொடக்கத்திலேயே அதில் இறங்கினால், பிழை குறியிலா, வார்ப்புருவிலா, அமைப்பிலா என்று தெரியாமல் திண்டாடுவீர்கள்.

இடம் மாற்ற வேண்டி வந்தால் வரிசை இது. சொந்தப் பெயர் இருந்தால், அந்தப் பெயர் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவின் டிடிஎல் அளவை, அதாவது பிறர் அந்தப் பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, ஒரு நாள் முன்பே 300 நொடிக்குக் குறையுங்கள். கோப்புறையைப் புதிய இடத்தில் ஏற்றி, அவர்கள் தரும் தற்காலிக முகவரியில் எல்லாப் பக்கமும் படமும் வருகிறதா என்று பாருங்கள். பிறகு டிஎன்எஸ்ஸைப் புதிய இடத்துக்குத் திருப்புங்கள். எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வரும்வரை சில மணி நேரம் உலாவி எச்சரிக்கை காட்டலாம். பழைய முகவரியைச் சிலருடைய இணைய இணைப்புகள் இன்னும் நினைவில் வைத்திருக்கும், எனவே பழைய இடத்தில் இருப்பதை ஒரு வாரம் கழித்து நீக்குங்கள்.